பயம் போடும் கணக்கு

மூன்று வருடத்துக்கு முந்தைய தை மாதம். ராத்திரி இரண்டு மணி இருக்கும், திடுக்கென்று விழிப்பு வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வாய் வறண்டுபோயிருந்தது. மாரடைப்போ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் காதில் விழுந்தது, தகரக் கொட்டகை மேல் நாலைந்து தூறல். அவ்வளவுதான்.

களத்தில் கிச்சிலிச் சம்பா 31 மூட்டை கிடந்தது. தார்ப்பாய் போட்டு மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டுத்தான் படுத்திருந்தேன். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு மணி நெல்கூட நனையவில்லை. திரும்பி வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. எழுந்து நோட்டை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

நெல் நனைந்தால் முளைத்துவிடும். முளைத்தால் மாட்டுக்குத்தான் ஆகும். அறுப்பு மெஷின் வாடகை பாக்கி, ஆள் கூலி பாக்கி. அந்த வருடம்தான் போர் போட்டுத் தண்ணீர் வராமல் இரண்டு லட்சம் மண்ணுக்குள் போயிருந்தது. இப்படியே போனால் வைப்புத்தொகை எத்தனை வருடம் தாங்கும்? நிலத்தை விற்க வேண்டி வருமா? "பென்ஷன் வாங்கிட்டு சும்மா இருக்காம இவருக்கு எதுக்கு விவசாயம்?" என்று சொந்தக்காரர்கள் பேசுவது காதில் கேட்டது. தூறலில் ஆரம்பித்த கணக்கு, விடிவதற்குள் நிலத்தை விற்பதில் போய் முடிந்தது.

காலை ஆறு மணிக்கு வியாபாரிக்குப் போன் போட்டேன். இரண்டு நாள் முன்பு அவர் கேட்ட விலை மூட்டைக்கு 1,450 ரூபாய். நான் மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அதே விலைக்கு ஒன்பது மணிக்குள் எடை போட்டு ஏற்றிவிட்டேன். 44,950 ரூபாயைக் கையில் வாங்கியபோது எவ்வளவு நிம்மதி தெரியுமா? பெரிய ஆபத்திலிருந்து தப்பித்த மாதிரி.

அன்று மழை பெய்யவில்லை. அந்த வாரமே பெய்யவில்லை. இரண்டு மாதம் கழித்து எங்கள் குழு நண்பர் ஒருவர் அதே கிச்சிலிச் சம்பாவை 2,100 ரூபாய்க்கு விற்றார். மூட்டைக்கு 650 ரூபாய். என் 31 மூட்டைக்கு 20,150 ரூபாய். ஒரு ராத்திரிப் பயத்துக்கு நான் கொடுத்த விலை.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. 33 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் கிராமக் கிளைகளில், விவசாயக் கடன் பிரிவில். "அறுத்த உடனே வித்துடாதீங்க, கொஞ்சம் பொறுத்து வித்தா நல்ல விலை கிடைக்கும்" என்று மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்காமல் விற்றுவிட்டு வந்தவர்களைப் பார்த்து, படிப்பு இல்லை, கணக்கு தெரியவில்லை என்று மனதுக்குள் நினைத்திருக்கிறேன். மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிற எனக்கே இந்தக் கதி என்றால், அது ஒன்றும் இல்லாதவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அதன் பிறகுதான் இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது, உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வரப்பில் கிடந்த குழாய்

சாயங்காலம் மோட்டார் போடப் போகிறீர்கள். வரப்பில் கறுப்பாக, வளைந்து ஏதோ கிடக்கிறது. வைத்த காலை எடுத்துப் பின்னால் குதித்துவிடுகிறீர்கள். பிறகு பார்த்தால் சொட்டுநீர்க் குழாயின் அறுந்த துண்டு. குதித்தது முதலில், யோசித்தது பிறகு. நம் எல்லோருக்கும் இது நடந்திருக்கும்.

இதைச் செய்வது மூளையின் உள்ளே, இரண்டு பொட்டுக்கும் பின்னால் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா என்ற சின்னப் பகுதி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கின்றன. பாதாம் பருப்பு வடிவில் இருப்பதால் கிரேக்க மொழியில் பாதாமுக்குள்ள பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள். இது ஓர் ஆபத்து மணி. கண் பார்த்தது பாம்பா குழாயா என்று தெளிவாவதற்கு முன்பே மணி அடித்துவிடும். அடித்ததும் சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் இறங்கும். நெஞ்சு வேகமாக அடிக்கும், ரத்தம் கை காலுக்குப் பாயும். கொஞ்ச நேரத்தில் கார்ட்டிசால் என்ற இன்னொரு சுரப்பு வந்து, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி உடம்பைத் தயார் நிலையிலேயே வைத்திருக்கும்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைதான் நிதானமாக யோசிப்பது, கணக்குப் போடுவது, நாளைக்குத் திட்டமிடுவது எல்லாம். மணி பலமாக அடிக்கும்போது அதன் பேச்சு எடுபடாது. பாம்பு விஷயத்தில் இது நல்லதுதான். யோசித்துக்கொண்டு நின்றால் கடி வாங்க வேண்டியிருக்கும்.

பண விஷயத்தில்தான் சிக்கல். ஆட்டை நாய் துரத்தினால் ஆடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும். நாய் போனதும் கொஞ்ச நேரத்தில் மறுபடி மேய ஆரம்பித்துவிடும். மனிதன் அப்படி இல்லை. நாய் போன பிறகும், "நாளைக்கு வந்தா? நாலு நாய் சேர்ந்து வந்தா?" என்று மேல் மூளை கதை கட்டும். அந்தக் கதையைக் கேட்டு மணி மறுபடி அடிக்கும். மணி அடிப்பதைப் பார்த்து, ஆபத்து நிஜம்தான் போலிருக்கிறது என்று மேல் மூளை இன்னொரு கதை கட்டும். தூறலில் தொடங்கி நிலத்தை விற்பது வரை நான் போனது இந்த வழியில்தான். தூக்கம் கெட்ட மூளையில் அமிக்டலா இன்னும் அதிகமாகத் துள்ளும் என்பதையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக் கணக்கு ஏன் அவ்வளவு பயங்கரமாக இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஓடுவது, உறைவது, சண்டை போடுவது

ஆபத்து வந்தால் மிருகம் மூன்றில் ஒன்றைச் செய்யும். ஓடும், அசையாமல் உறைந்து நிற்கும், அல்லது எதிர்த்து நிற்கும். பணப் பயத்திலும் நாம் இந்த மூன்றைத்தான் செய்கிறோம்.

நான் நெல்லை விற்றது ஓட்டம்.

உறைந்து நின்ற ஒருவரை வங்கியில் பார்த்திருக்கிறேன். நல்ல உழவர், நாணயமானவர். பயிர்க்கடன் வாங்கியிருந்தார். அப்போது 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடு தேதிக்குள் கட்டிவிட்டால் அதில் 3 சதவீதம் சலுகை, ஆக 4 சதவீதம்தான். அந்த வருடம் அவருக்கு மல்லாட்டை சரியாகக் காய்க்கவில்லை. கிளையிலிருந்து மூன்று கடிதம் போயிற்று. பதில் இல்லை. ஒரு வருடம் கழித்து மகனோடு வந்தார். கையில் மூன்று உறைகள், ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பரண் மேல் இருந்ததாக மகன் சொன்னான்.

"ஏன் பெரியவரே பிரிச்சுக்கூடப் பாக்கல?" என்று கேட்டேன்.

"பயம் சார். பிரிச்சா என்னா எழுதியிருக்குமோன்னு."

இரண்டாவது கடிதத்தில் இருந்தது மிரட்டல் இல்லை. விளைச்சல் பாதிக்கப்பட்டவர்கள் கிளைக்கு வந்து பேசினால் தவணையை மாற்றி அமைக்கலாம் என்ற தகவல். சலுகையும் போய், கெடு தாண்டிய வட்டியும் ஏறிவிட்டது. அன்று நான் அவரைக் கடிந்துகொண்டேன். இன்றைக்கு அந்த மேசையில் இருந்தால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்வேன்.

சண்டை? அதை வெளியில் தேட வேண்டாம். போர் பொய்த்த வருடம் என் வீட்டம்மா கடையில் கால் கிலோ முந்திரி வாங்கினாள் என்று நான் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டது. இரண்டு லட்சத்தை விழுங்கிய பூமியிடம் கோபப்பட முடியாது. முந்திரி வாங்கியவளிடம் முடியும்.

விழுப்புரத்துக் கரும்புக் கொல்லையில்

இந்த விஷயத்தில் உலகம் முழுக்கப் பேசப்படும் ஓர் ஆய்வு நம் பக்கத்திலேயே நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ என்ற நால்வர் சேர்ந்து செய்தது. 2013இல் சயின்ஸ் இதழில் வெளிவந்தது. செந்தில் முல்லைநாதன் தமிழ்நாட்டில் பிறந்தவர்.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்தில் 54 கிராமங்களில் 464 சிறு கரும்பு விவசாயிகளைப் பார்த்தார்கள். கரும்புக்காரருக்கு வருடத்தில் ஒருமுறைதான் பெரிய பணம் வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்கள் முடை, வெட்டிய பிறகு கொஞ்சம் தாராளம். வெட்டுவதற்கு முன் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம், வெட்டிய பிறகு 4 சதவீதம். அதே ஆட்களுக்கு, வெட்டுக்கு முன்பும் பின்பும், படத்தைப் பார்த்து விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். படிப்பறிவு தேவையில்லாத சோதனை. முன்பு சராசரியாக 4.35 சரி. பின்பு 5.45.

அதே ஆள், அதே மூளை. வித்தியாசம் கையில் பணம் இருந்ததும் இல்லாததும். ஆலைக்காரர்கள் கட்டிங் ஆர்டரை ஆளுக்கு ஒரு தேதியில் கொடுப்பதால், இது பருவத்தால் வந்த வித்தியாசம் இல்லை என்பதையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. வெட்டுக்கு முன் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும்கூடக் கூடுதலாகத்தான் இருந்தன. ஆனால் அந்தப் படபடப்பு மட்டுமே காரணம் இல்லை, பணக் கவலை மனதின் இடத்தை அடைத்துக்கொள்வதால் மற்றதை யோசிக்க இடம் குறைகிறது என்பதே அவர்கள் எடுத்த முடிவு.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கெட்ட முடிவெடுத்ததால் இவர்கள் கஷ்டப்படுகிறார்கள் என்றுதான் 33 வருடம் நினைத்திருந்தேன். கஷ்டமே கெட்ட முடிவை எடுக்க வைக்கிறது என்ற பக்கத்தை நான் பார்க்கவே இல்லை.

யூரியா மூட்டையும் இதே கதைதான்

டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் ஒன்றைச் சொன்னார்கள். நூறு ரூபாய் கிடைத்தால் வரும் சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் போனால் வரும் வலி பெரியது. ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பின்னால் கணக்கிட்டார்கள். 2002இல் கானமனுக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி அதற்குள் இறந்துவிட்டார். அமிக்டலா பாதிக்கப்பட்ட இரண்டு பெண்களிடம் பணப் பந்தயம் வைத்துச் சோதித்தபோது, இழப்பைக் கண்டு ஒதுங்கும் இந்தக் குணம் அவர்களிடம் தென்படவில்லை என்று 2010இல் ஓர் ஆய்வு வந்தது. இழப்பு வலிக்கும் இடத்துக்கும் பாம்பைக் கண்டு குதிக்கும் இடத்துக்கும் தொடர்பு இருக்கிறது.

இயற்கை வேளாண்மைக்கு மாறுகிறவர்களுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது. நான் மாறிய இரண்டாம் வருடம், நட்ட 25ஆம் நாள் பயிர் மஞ்சளாக நின்றது. பக்கத்து வயல் கரும்பச்சை. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் நேராகப் போய் ஒரு மூட்டை யூரியா வாங்கிக் கொட்டகையில் போட்டுவிட்டேன். எத்தனை மூட்டை நெல் போகும் என்ற நினைப்பு மட்டும்தான். மண்ணுக்கு என்ன ஆகும் என்ற நினைப்பே வரவில்லை.

மேலண்டை நிலத்து அண்ணன் வந்து வயலில் இறங்கிப் பார்த்தார். "சார், பத்து நாளா தண்ணி வடியாம நிக்குது. மோடம் வேற. வேர் மூச்சு விடல. மொதல்ல தண்ணிய வடிங்க. நாலு நாள் வெயில் படட்டும். அப்பவும் தேறலன்னா மூட்டையப் பிரிங்க" என்றார். வடித்தேன். ஜீவாமிர்தம் விட்டேன். பத்து நாளில் பச்சை திரும்பியது. விளைச்சல் பக்கத்து வயலைவிடக் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பிரிக்காத அந்த மூட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

நம் இயக்கத்துக்கு வந்துவிட்டு இரண்டாம் வருடம் திரும்பிப் போனவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்குக் கொள்கை இல்லை என்று சொல்லிவிடுகிறோம். பலரைத் திருப்பி அனுப்பியது பயம். அந்த நாலு நாளைக்குப் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் இருந்திருந்தால் நின்றிருப்பார்கள்.

நான் இப்போது கடைப்பிடிப்பது

பயப்படாதே என்று சொல்வதில் பயன் இல்லை. மணி அடிக்கத்தான் செய்யும். பணமுடையும் கற்பனை இல்லை. பயத்துக்கும் முடிவுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விடுவது மட்டும் நம் கையில் இருக்கிறது.

ஒன்று, பொழுது சாய்ந்த பிறகு பண முடிவு எடுப்பதில்லை. ராத்திரி விழிப்பு வந்தால் "நெல் நனையுமோன்னு பயமா இருக்கு" என்று நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துவிடுகிறேன். உணர்ச்சிக்கு வார்த்தையில் பெயர் வைத்தாலே அமிக்டலாவின் துள்ளல் குறைவதை 2007இல் கலிஃபோர்னியாவில் ஸ்கேன் மூலம் காட்டியிருக்கிறார்கள். அது மனிதர்களுக்கு முகப் படங்களைக் காட்டிச் செய்த சோதனை. நெல் மூட்டைக்கும் எனக்கு அது உதவுகிறது.

இரண்டு, விற்கும் முடிவை விதைக்கும்போதே எழுதிவிடுகிறேன். எந்த விலைக்குக் கீழே விற்பதில்லை, அவசரம் என்றால் எத்தனை மூட்டை மட்டும் விற்பது, மழை வந்தால் எங்கே ஏற்றுவது, எல்லாம் ஒரு தாளில். மனசு தெளிவாக இருக்கும் நாளில் போட்ட கணக்கு அது.

மூன்று, பத்தாயிரத்துக்கு மேல் போனால் இன்னொருவரிடம் பேசாமல் செய்வதில்லை. வீட்டம்மா, இல்லாவிட்டால் மேலண்டை அண்ணன். பயம் ஒரே நேரத்தில் இரண்டு பேரை ஒரே அளவில் பிடிப்பது அபூர்வம்.

நான்கு, கடன் இருந்தால் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே கிளைக்குப் போங்கள். கடிதம் வந்த அன்றே பிரியுங்கள். தனியாகப் பிரிக்கப் பயமாக இருந்தால் படித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரியுங்கள். முன்கூட்டி வந்து நிலைமையைச் சொல்கிறவருக்கு வழி செய்வது அதிகாரிக்குச் சுலபம். கெடு தாண்டிவிட்டால் அவர் கையும் கட்டப்பட்டுவிடும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் சொல்கிறேன்.

ஐந்து, அறுத்த உடனே பணம் வேண்டும் என்றால், விற்பதற்கு முன் நாம் கமிட்டி என்று சொல்கிற ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விசாரியுங்கள். நெல்லைக் கிடங்கில் இருப்பு வைத்து, அதன் மதிப்பில் ஒரு பங்கைப் பொருளீட்டுக் கடனாக வாங்கலாம். கூலியைக் கொடுத்துவிட்டு விலைக்காகக் காத்திருக்கலாம்.

ஆறு, புதிதாக மாறுகிறவர்கள் மொத்த நிலத்தையும் ஒரே வருடத்தில் மாற்றாதீர்கள். பயம் தாங்குகிற அளவுக்கு, அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ, மாற்றுங்கள். வரப்பில் உளுந்து, வேலியோரம் முருங்கை, கறவை மாடு ஒன்று என்று மாதாமாதம் சின்னப் பணம் வர வழி செய்யுங்கள். சொந்த விதை, சொந்த இடுபொருள் என்றாகும்போது கடன் குறைகிறது. கடன் குறைந்தால் மணி அடிப்பதும் குறைகிறது. இயற்கை வேளாண்மையின் லாபக் கணக்கில் இதை நாம் எழுதுவதே இல்லை.

இந்தத் தை

இந்த வருடம் 38 மூட்டை. களத்தில் நெல் கிடக்கும்போது மேற்கே கறுத்தது. நெஞ்சு அதே மாதிரி அடித்தது. கை தானாகப் போனை எடுத்தது.

வீட்டம்மா பார்த்துவிட்டாள். "ஏங்க, அந்தத் தாள்ல என்ன எழுதி வச்சிருக்கீங்க?"

சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. 1,900 ரூபாய்க்குக் கீழே விற்பதில்லை. அவசரம் என்றால் பத்து மூட்டை மட்டும். மழை வந்தால் அண்ணன் வீட்டுத் திண்ணையிலும் நம் கொட்டகையிலும் ஏற்றுவது. அண்ணனுக்குப் போன் போட்டேன். ஆறு பேர் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்தில் ஏற்றி முடித்தோம். இந்த முறை மழை நிஜமாகவே வந்தது. களம் நனைந்தது, நெல் நனையவில்லை.

கூலிக்காகப் பத்து மூட்டையை 1,500 ரூபாய்க்கு விற்றேன். மீதி 28 மூட்டையில் நொச்சித் தழை போட்டு வைத்தும் இரண்டு மூட்டையில் அந்து விழுந்துவிட்டது. 26 மூட்டையைச் சித்திரையில் 1,950 ரூபாய்க்குக் கொடுத்தேன். நண்பருக்குக் கிடைத்த 2,100 எனக்குக் கிடைக்கவில்லை. பரவாயில்லை, பகலில் உட்கார்ந்து, இரண்டு பேர் பேசி எடுத்த முடிவு அது.

அடுத்த பட்டத்துக்கு இப்போதே தாள் எழுதியாகிவிட்டது. அந்துக்கு என்ன செய்வது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது நல்ல வழி தெரிந்தால் இதழுக்கு எழுதுங்கள்.